பின்பக்கம் நீட்டிக் கட்டப் போகிறீர்களா? இங்கிலாந்தில் வீட்டு எக்ஸ்டென்ஷன், முதல் கோட்டிலிருந்து கடைசிச் சான்றிதழ் வரை

எக்ஸ்டென்ஷன் கட்டப் போகிறோம் என்று யாராவது சொன்னால், எத்தனை மீட்டர் என்று நான் கேட்பதில்லை. இப்போதைய வீட்டில் எந்த இடத்தில் ஒருவர் மேல் ஒருவர் இடித்துக்கொள்கிறீர்கள் என்றுதான் கேட்பேன். அதற்குச் சட்டென்று பதில் வராது. "ஆறு மீட்டர் வரைக்கும் போகலாமாம்" என்று வரும். போகலாம்தான், ஆனால் சட்டம் விடுகிற அளவும் உங்கள் வீட்டுக்குத் தேவையான அளவும் ஒன்றாக இருப்பது அபூர்வம். இரண்டையும் குழப்பிக்கொண்டு கட்டிய வீடுகளில் பின்னால் மண்டபம் மாதிரி ஒரு கிச்சன் இருக்கும், நடுவில் பட்டப்பகலில் விளக்குப் போட வேண்டிய ஒரு குகை இருக்கும்.

இதில் எழுதியிருப்பது இங்கிலாந்துக்கு மட்டும். வேல்ஸ், ஸ்காட்லாந்து, வட அயர்லாந்து மூன்றுக்கும் விதிகள் வேறு, அளவுகளும் வேறு.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். "கவுன்சில் அனுமதி வந்துவிட்டது, திங்கட்கிழமை தோண்டலாம்" என்று ஒருவர் சொன்னால் அவர் மூன்று கதவுகளில் ஒன்றைத்தான் தாண்டியிருக்கிறார். பிளானிங் என்பது கட்டடம் வெளியே எப்படித் தெரியும், அக்கம்பக்கத்தை எப்படிப் பாதிக்கும் என்பதைப் பார்ப்பது. பில்டிங் ரெகுலேஷன்ஸ் என்பது அது நிற்குமா, தீப்பிடித்தால் வெளியே வர முடியுமா, குளிர் உள்ளே வருமா என்பதைப் பார்ப்பது. மூன்றாவது பார்ட்டி வால், அதாவது இரண்டு வீட்டுக்கும் பொதுவான சுவர், எல்லை விஷயத்தில் பக்கத்து வீட்டுக்காரருக்கு நீங்கள் செய்ய வேண்டிய சட்டக் கடமை. இதில் கவுன்சிலுக்கு வேலையே இல்லை. மூன்றும் தனித்தனி, ஒன்று கிடைத்ததால் இன்னொன்று கிடைத்ததாக ஆகாது. சிலருக்கு முதலாவது தேவையே படாது, ஆனால் இரண்டாவது கிட்டத்தட்ட எல்லாருக்கும் தேவைப்படும்.

1. வரைவதற்கு முன் பார்ப்பது

ஒரு வாரம் ஒன்றும் செய்யாமல் வீட்டைக் கவனியுங்கள். காலையில் வெயில் எங்கே விழுகிறது, மத்தியானம் எங்கே போகிறது, குளிர்காலத்தில் எந்த அறைக்கு யாருமே போவதில்லை, பள்ளிப் பைகளும் சப்பாத்துகளும் எங்கே குவிகின்றன. இதை ஒரு தாளில் எழுதினாலே பாதி டிசைன் முடிந்த மாதிரி.

அப்புறம் இந்தச் சோதனையைச் செய்து பாருங்கள், காசு செலவில்லை. 1930களில் கட்டிய ஒரு சாதாரண செமி வீட்டை (ஒரு பக்கம் மட்டும் பக்கத்து வீட்டோடு ஒட்டியது) எடுத்துக்கொள்வோம்: முன்னால் ஒரு அறை, பின்னால் தோட்டத்தைப் பார்த்து ஒரு அறை, அதன் பக்கத்தில் ஒடுங்கலாக ஒரு கிச்சன். பின்னால் நீட்டினால் அந்தப் பின்னறை நடு அறையாகிவிடும், அதன் ஜன்னல் போய்விடும். ஆகவே பின்னறை ஜன்னலைப் பழைய போர்வையால் முழுக்க மூடிவிட்டு, மேலே மட்டும் ஒரு சாண் இடைவெளி விட்டு, மத்தியானம் அங்கே உட்கார்ந்து ஒரு புத்தகம் படித்துப் பாருங்கள். துல்லியமான கணக்கு இல்லைதான். ஆனால் நாங்கள் இதைச் செய்த அன்றைக்கு, 5 மீட்டர் என்று இருந்த ஆசை 3 மீட்டருக்கு இறங்கியது, பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

தோட்டத்திலும் நாலு குச்சி நட்டுக் கயிறு கட்டுங்கள். தாளில் 4 மீட்டர் சின்னதாகத்தான் தெரியும். புல்வெளியில் கயிறு கட்டியதும் மிச்சம் எவ்வளவு இருக்கிறது என்பது முகத்தில் அடிக்கும்.

2. டிசைன்

இங்கேதான் நேரம் எடுத்துக்கொள்ள வேண்டும். அனுமதிக்குச் சில வாரம் போகும், கட்ட சில மாதம் போகும், தவறான இடத்தில் வைத்த கதவோ காலத்துக்கும் இருக்கும்.

நடு அறையை என்ன செய்வது என்பதில் தொடங்குங்கள். வெளிச்சம் தேவைப்படாத விஷயங்களை அங்கே தள்ளுவது ஒரு வழி: டாய்லெட், துணி துவைக்கும் மெஷின், சாமான் வைக்கும் அலமாரி, கோட் மாட்டும் இடம். சமைப்பதும் சாப்பிடுவதும் உட்காருவதும் வெளிச்சத்துக்குப் போகட்டும். இன்னொரு வழி கூரை ஜன்னல். இதில் எல்லாரும் செய்யும் தவறு, அதைப் புது அறையின் நட்டநடுவில் வைப்பது, அங்கே ஏற்கெனவே பெரிய கண்ணாடிக் கதவிலிருந்து வெளிச்சம் வருகிறது. பழைய சுவர் இருந்த கோட்டுக்குப் பக்கத்தில், புதுக் கூரை வீட்டோடு ஒட்டும் இடத்தில் வையுங்கள். அப்போதுதான் வெளிச்சம் உள்ளே நடு அறைவரை இறங்கும்.

நடு அறையில் இன்னொரு சிக்கலும் ஒளிந்திருக்கிறது. ஜன்னல் போய், ஒரே வழியும் புதுக் கிச்சன் வழியாகத்தான் என்று ஆகிவிட்டால், கிச்சனில் தீப்பிடிக்கும்போது உள்ளே இருப்பவர் மாட்டிக்கொள்வார். பில்டிங் கண்ட்ரோலில் இதைக் கட்டாயம் கேட்பார்கள். அந்த அறையிலிருந்து முன்வாசலுக்குப் போகும் ஹாலுக்கு நேரே ஒரு கதவு இருக்க வேண்டும், அல்லது முழுவதையும் திறந்த ஒரே அறையாக ஆக்கி அதற்கு ஏற்ற பாதுகாப்பைக் காட்ட வேண்டும். இருக்கிற கதவை அடைத்து அலமாரி வைக்கலாம் என்று யோசிக்கும்போது இது ஞாபகம் இருக்கட்டும்.

அடுத்தது கூரை. பலர் எக்ஸ்டென்ஷனுக்கு ஓட்டுக் கூரைதான் வேண்டும் என்பார்கள், பார்க்க அழகு. ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். வெளிச்சுவரில் கூரை 2.4 மீட்டரில் தொடங்குகிறது, சாய்வு 15 பாகை என்று வைத்துக்கொண்டால், 3 மீட்டர் ஆழத்துக்கு அது 80 சென்டிமீட்டர் உயரும், 4 மீட்டருக்கு ஒரு மீட்டருக்கு மேல், 6 மீட்டருக்கு 1.6 மீட்டர். ஆறு மீட்டர் போனால் கூரை வீட்டுச் சுவரைத் தொடும் இடம் 4 மீட்டர் உயரம் ஆகிவிடும், உங்கள் மாடி ஜன்னலின் அடிக்கட்டை அதற்குக் கீழே இருக்கும். ஆகவே ஆழம் கூடக்கூட பெரும்பாலும் தட்டையான கூரைக்குத்தான் வர வேண்டியிருக்கும். டேப் எடுத்து மாடி ஜன்னல் அடிக்கட்டை தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று இன்றைக்கே அளந்து வைத்துக்கொள்ளுங்கள்.

பின்சுவரை எடுத்தால் மேலே இருக்கும் மாடிச்சுவரை ஒரு ஸ்டீல் பீம் தாங்க வேண்டும். அது சீலிங்குக்குக் கீழே தொங்கலாமா, இல்லை சீலிங்குக்குள்ளேயே மறைய வேண்டுமா என்று முதலிலேயே முடிவெடுங்கள். மறைத்தால் பழைய அறையும் புது அறையும் ஒன்றாகத் தெரியும், ஆனால் மாடித் தளத்தின் மரங்களை வெட்டி பீமில் மாட்ட வேண்டியிருக்கும், செலவும் நாளும் கூடும். தொங்கினால் நடுவில் 20, 25 சென்டிமீட்டர் கீழே இறங்கிய ஒரு கோடு தெரியும். எனக்குத் தொங்குவதில் ஒரு குறையும் தெரியவில்லை. ஒரு மாதத்தில் கண் பழகிவிடும்.

எல்லைக்கோட்டை ஒட்டிக் கட்டினால் மழைத்தண்ணீர்க் குழாயும் கூரையின் ஓரமும் அடுத்தவர் பக்கம் ஒரு அங்குலம்கூட நீட்டக்கூடாது. ஒன்று சுவரை உள்ளே தள்ளுங்கள், அல்லது கூரையைச் சுற்றிச் சின்னக் கைப்பிடிச் சுவர் எழுப்பித் தண்ணீரை உங்கள் பக்கமே திருப்புங்கள். வரைபடத்தில் ஒரு கோட்டின் தடிமனுக்குள் மறைந்துபோகும் இந்த விஷயம்தான் பல அண்டைவீட்டுச் சண்டைகளின் ஆரம்பம்.

3. யார் வரைவது

ஆர்க்கிடெக்ட் என்ற பெயர் 1997ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டது. ஏ.ஆர்.பி. (ஆர்க்கிடெக்ட்களைப் பதிவு செய்யும் வாரியம்) பதிவேட்டில் பெயர் இருப்பவர் மட்டும்தான் தொழிலில் அப்படிப் போட்டுக்கொள்ளலாம். பதிவேடு இணையத்தில் இருக்கிறது, இரண்டு நிமிடத்தில் பார்த்துவிடலாம். தரைத்தளத்தில் மட்டும் கட்டும் சாதாரண எக்ஸ்டென்ஷனுக்கு நல்ல ஆர்க்கிடெக்சுரல் டெக்னீஷியனே போதும். ஆனால் வீட்டின் அமைப்பையே மாற்றுவதாக இருந்தால், யோசிக்கத் தெரிந்த ஆளுக்குக் கொடுக்கும் காசு வீண்போகாது.

ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள்: சொல்லும் கட்டணம் பிளானிங் வரைபடத்துக்கு மட்டுமா, பில்டிங் ரெகுலேஷன்ஸ் வரைபடமும் சேர்த்தா? முதலாவது, கட்டடம் எப்படித் தெரியும் என்று காட்டும் நாலைந்து தாள். இரண்டாவதில் அஸ்திவாரம், இன்சுலேஷன், வடிகால், பீம் எல்லாம் வரும். பீமுக்கும் அஸ்திவாரத்துக்கும் கணக்குப் போட ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியர் தனி.

4. அனுமதி தேவையா இல்லையா

பெர்மிட்டட் டெவலப்மென்ட் என்று ஒன்று இருக்கிறது. சில அளவுக்குள் கட்டினால் விண்ணப்பம் போடாமலே பிளானிங் அனுமதி கிடைத்ததாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். 2015இல் வந்த ஆணையில் முழு விதிகளும் இருக்கின்றன. தரைத்தளம் மட்டுமான பின்கட்டு என்றால் முக்கியமானவை இவை: தனி வீட்டுக்கு 4 மீட்டர், செமிக்கும் டெரஸுக்கும் (வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடு) 3 மீட்டர் ஆழம், மொத்த உயரம் 4 மீட்டருக்கு மேல் போகக்கூடாது, எல்லையிலிருந்து 2 மீட்டருக்குள் வந்தால் கூரையின் தாழ்ந்த விளிம்பு 3 மீட்டருக்குள் இருக்க வேண்டும், வீட்டைச் சுற்றியிருக்கும் நிலத்தில் பாதிக்கு மேல் கட்டடமாகக்கூடாது, இதில் தோட்டத்து ஷெட்டும் சேரும், வெளிப்பூச்சும் செங்கல்லும் பழைய வீட்டைப் போலவே தோன்ற வேண்டும். பக்கவாட்டில் கட்டினால் தரைத்தளம் மட்டும்தான், அதுவும் பழைய வீட்டின் அகலத்தில் பாதிக்குள். இரண்டு தளப் பின்கட்டு 3 மீட்டருக்குள், பின் எல்லையிலிருந்து 7 மீட்டராவது தள்ளி.

இதைப் படித்துவிட்டு உடனே பில்டரைக் கூப்பிடாதீர்கள், இதில் குழிகள் உண்டு.

முதல் குழி, பழைய வீடு என்பது என்ன என்பது. நீங்கள் வாங்கியபோது இருந்த வீடு கணக்கில்லை. கட்டியபோது எப்படி இருந்ததோ அது, 1948 ஜூலை 1க்கு முன் கட்டியது என்றால் அன்றைக்கு எப்படி நின்றதோ அது. முந்தைய சொந்தக்காரர் 1980இல் 2 மீட்டர் நீட்டியிருந்தால் உங்கள் 3 மீட்டரில் மிச்சம் ஒன்றுதான்.

இரண்டாவது, பழைய விக்டோரியன் டெரஸ்களில் பின்னால் ஒரு வால் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும், அதன் பக்கத்தில் ஒடுங்கலான ஒரு சந்து இருக்கும். அந்தச் சந்தை அடைப்பது சட்டத்தின் கண்ணில் பக்கவாட்டு எக்ஸ்டென்ஷன். சந்தையும் அடைத்துப் பின்னாலும் நீட்டி எல் வடிவில் சுற்றிக் கட்டினால் பக்கத்து விதி, பின்பக்க விதி இரண்டும் ஒரே நேரத்தில் பொருந்த வேண்டும், பெரும்பாலும் பொருந்தாது. முழு விண்ணப்பம்தான்.

மூன்றாவது, இந்த உரிமையே உங்களுக்கு இல்லாமல் இருக்கலாம். ஃபிளாட்டுக்கும் மெசனெட்டுக்கும் (இரண்டு தளமுள்ள ஃபிளாட்) கிடையாது. கன்சர்வேஷன் ஏரியாவில் (பழைய தோற்றத்தைக் காக்கும் பகுதி) பக்கவாட்டுக் கட்டும் இரண்டு தளக் கட்டும் கிடையாது. கவுன்சில் ஆர்ட்டிகிள் 4 உத்தரவு போட்டு இந்த உரிமையை எடுத்திருக்கலாம். புது எஸ்டேட் வீடுகளில், முதலில் அனுமதி கொடுத்தபோதே ஒரு நிபந்தனையாக எடுத்துவிடுவது வழக்கம். கவுன்சில் இணையதளத்தில் உங்கள் முகவரியைப் போட்டுப் பழைய அனுமதிக் கடிதத்தைத் தேடிப் படியுங்கள். அப்படியே லேண்ட் ரெஜிஸ்ட்ரி பத்திரத்தையும் பாருங்கள், இன்னாரைக் கேட்காமல் கட்டக்கூடாது என்று பழைய கட்டுப்பாடு ஒன்று அதில் உட்கார்ந்திருக்கலாம். லீஸ்ஹோல்ட் (நிலம் இன்னொருவருடையது, உங்களிடம் நீண்டகாலக் குத்தகை) என்றால் நிலத்துக்காரர் சம்மதமும் வேண்டும்.

எல்லாம் பொருந்துகிறதா? சரி, அப்படியானால் லாஃபுல் டெவலப்மென்ட் சர்டிஃபிகேட், அதாவது இந்தக் கட்டு சட்டப்படி சரி என்று கவுன்சில் தரும் சான்று, வாங்கிவிடுங்கள். கட்டாயம் இல்லை. ஆனால் வீட்டை விற்கும்போது வாங்குபவரின் சொலிசிட்டர் கேட்கும் முதல் தாள் இதுதான், அப்போது அளந்து நிரூபிப்பதைவிட இப்போது வாங்குவது லேசு. விண்ணப்பக் கட்டணம் முழு விண்ணப்பத்தில் பாதி.

5. அந்த 6 மீட்டர் கதை

செமிக்கும் டெரஸுக்கும் 6 மீட்டர், தனி வீட்டுக்கு 8 மீட்டர் என்று கேள்விப்பட்டது பொய்யில்லை. ஆனால் அது தானாக வரும் உரிமை கிடையாது. பிரையர் அப்ரூவல் என்ற விண்ணப்பம் போட வேண்டும். கவுன்சில் ஒட்டிய வீடுகளுக்குக் கடிதம் எழுதிக் குறைந்தது 21 நாள் கொடுக்கும். யாரும் எதிர்க்கவில்லை என்றால் ஆழத்தைப் பற்றிக் கவுன்சில் வாதாடாது. யாராவது எதிர்த்தால், அவர்கள் வீட்டுக்கு என்ன பாதிப்பு என்று பார்த்து முடிவு சொல்லும். எல்லாம் 42 நாளுக்குள். கட்டத் தொடங்கிவிட்டு இதைக் கேட்க முடியாது, பின்தேதி போட்டுக் கொடுக்கவும் மாட்டார்கள்.

ஆகவே உங்கள் ஆறு மீட்டர், சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவரின் கையில் இருக்கிறது. நல்லது கெட்டதுக்கு மட்டும் தலையாட்டிக்கொள்ளும் பழக்கம் என்றால் இப்போதே போய்ப் பேசுங்கள்.

6. முழு பிளானிங் விண்ணப்பம்

விதிக்குள் அடங்காதவை எல்லாம் ஹவுஸ்ஹோல்டர் விண்ணப்பமாகப் போகும். பிளானிங் போர்ட்டல் என்ற இணையதளத்தில் போடலாம். 2025 ஏப்ரலில் இதன் கட்டணம் 258 பவுண்டிலிருந்து 528 பவுண்டாக ஏறியது, ஆண்டுதோறும் விலைவாசியோடு திருத்துவார்கள், போர்ட்டல் தன் சேவைக் கட்டணத்தையும் மேலே போடும். முன்பு மறுத்துவிட்டால் ஒருமுறை இலவசமாகத் திருப்பிப் போடலாம் என்று ஒரு சலுகை இருந்தது, 2023 டிசம்பரில் அதை எடுத்துவிட்டார்கள். பழைய கட்டுரைகளை நம்பி, முதலில் போட்டுப் பார்ப்போம், மறுத்தால் மாற்றுவோம் என்று இறங்காதீர்கள்.

என்னென்ன வேண்டும்: 1:1250 அளவில் வீடிருக்கும் இடத்தின் வரைபடம், 1:500 அல்லது 1:200இல் மனையின் வரைபடம், இப்போதுள்ள வீட்டின் தளப்படமும் வெளித்தோற்றமும், கட்டிய பிறகு வரப்போவதன் தளப்படமும் வெளித்தோற்றமும், விண்ணப்பம், உரிமைச் சான்று. இந்தக் கடைசியில் பலர் தவறுகிறார்கள். நிலம் முழுக்க உங்களுடையது என்றால் ஏ சான்று. அஸ்திவாரமோ மழைக்குழாயோ அடுத்தவர் நிலத்தில் கொஞ்சம் போகிறது என்றால் அவருக்கு முறைப்படி தெரிவித்து பி சான்று போட வேண்டும். ஏதாவது ஒரு தாள் குறைந்தாலும் விண்ணப்பம் செல்லாது என்று திருப்பிவிடுவார்கள், நாள்கணக்கு தொடங்கவே தொடங்காது.

ஏற்றுக்கொண்டதும் 8 வாரம் என்பது சட்டக்கெடு. ஒரு அதிகாரியிடம் உங்கள் கோப்பு போகும், பக்கத்து வீடுகளுக்குக் கடிதம் போகும். எதிர்ப்பு வந்தது என்றதும் பயந்துவிடாதீர்கள். அவர்கள் பார்க்கும் விஷயங்கள் சிலதான்: அண்டைவீட்டு வெளிச்சம் போகிறதா, அவர்கள் அறைக்குள் எட்டிப் பார்க்க முடிகிறதா, சுவர் அவர்கள் ஜன்னலுக்கு முன் மலை மாதிரி நிற்கிறதா, தெருவின் தோற்றம் கெடுகிறதா. என் வீட்டிலிருந்து தெரியும் காட்சி போய்விடும், வீட்டு விலை இறங்கும், கட்டும்போது சத்தம் வரும் என்பவற்றைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள். எத்தனை பேர் எதிர்த்தார்கள் என்பதற்கு இருக்கும் எடையைவிட, எதைச் சொல்லி எதிர்த்தார்கள் என்பதற்குத்தான் எடை அதிகம்.

வெளிச்சத்துக்குப் பல கவுன்சில்களில் 45 பாகை விதி இருக்கிறது. பக்கத்து வீட்டின் மிக அருகிலுள்ள வசிப்பறை ஜன்னலின் நடுவிலிருந்து தளப்படத்தில் 45 பாகையில் ஒரு கோடு இழுங்கள். உங்கள் எக்ஸ்டென்ஷன் அந்தக் கோட்டை வெட்டினால் கேள்வி வரும். எங்கிருந்து கோடு போடுவது என்பதில் கவுன்சிலுக்குக் கவுன்சில் சின்ன வித்தியாசம் உண்டு, அவர்களின் டிசைன் கையேட்டில் படம் போட்டே காட்டியிருப்பார்கள். அந்தக் கையேட்டைப் படிக்காமல் வரைபடம் போடுகிற ஆளை நான் நம்ப மாட்டேன். வரைபவர் முதல் சந்திப்பிலேயே உங்கள் கவுன்சில் கையேட்டைத் திறந்து காட்டினால் நல்ல சகுனம்.

இதோடு உங்கள் தெருவிலேயே கடந்த ஐந்தாறு வருடத்தில் யார் யாருக்கு அனுமதி கிடைத்தது, யாருக்கு மறுத்தார்கள் என்று கவுன்சில் தளத்தில் தேடுங்கள். மறுத்ததைத்தான் கூடுதலாகப் படிக்க வேண்டும். அதிகாரியின் அறிக்கையில் காரணத்தை வரிவரியாக எழுதியிருப்பார்கள், அதுதான் இலவசமாகக் கிடைக்கும் ஆலோசனை.

நடுவில் அதிகாரி அழைத்து, ஆழத்தை அரை மீட்டர் குறைத்தால் அனுமதிக்கலாம் என்று சொல்வதுண்டு. அந்த அரை மீட்டருக்காகச் சண்டை போட வேண்டுமா என்று போர்வைச் சோதனையை நினைத்துக்கொண்டு முடிவு செய்யுங்கள். மறுத்துவிட்டால் திருத்திப் புது விண்ணப்பம் போடலாம், அல்லது 12 வாரத்துக்குள் பிளானிங் இன்ஸ்பெக்டரேட்டுக்கு மேல்முறையீடு செய்யலாம், அதற்குக் கட்டணம் இல்லை. மறுத்த காரணம் சின்ன அளவு மாற்றத்தில் தீரும் என்றால் முதல் வழிதான் சீக்கிரம்.

அனுமதி வந்தால் முழுக்கடிதத்தையும் படியுங்கள், கீழே நிபந்தனைகள் இருக்கும். 3 வருடத்துக்குள் வேலை தொடங்க வேண்டும், அனுமதித்த வரைபடப்படியே கட்ட வேண்டும் என்பவை எப்போதும் வரும். தொடங்குவதற்கு முன் செங்கல் மாதிரியை ஒப்புதலுக்குக் காட்ட வேண்டும் என்று ஒரு வரி இருந்தால், காட்டாமல் தோண்டுவது நிபந்தனை மீறல். பில்டர் இடத்தில் வந்து, இன்னும் அரை மீட்டர் தள்ளிப் போடலாமே, யார் பார்க்கப் போகிறார்கள் என்பார். அனுமதியில்லாத கட்டடத்தின் மேல் கவுன்சில் நடவடிக்கை எடுக்க முன்பு 4 வருடக் கெடு இருந்தது, 2024 ஏப்ரல் 25இலிருந்து அது 10 வருடம்.

7. பார்ட்டி வால்

1996ஆம் ஆண்டுச் சட்டம். இரண்டு வீட்டுக்கும் பொதுவான சுவரில் பீம் ஏற்றினால் வேலைக்கு 2 மாதம் முன்பு நோட்டீஸ். எல்லைக்கோட்டில் புதுச்சுவர் எழுப்பினாலோ, பக்கத்துக் கட்டடத்திலிருந்து 3 மீட்டருக்குள் அவர்கள் அஸ்திவாரத்தைவிட ஆழமாகத் தோண்டினாலோ ஒரு மாதம் முன்பு. அவர்கள் 14 நாளில் எழுத்தில் சம்மதித்தால் வேலை சுலபம். பதிலே சொல்லாவிட்டால் பொதுச்சுவர், தோண்டல் நோட்டீஸ்களில் சம்மதமில்லை என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். அப்போது சர்வேயர் வேண்டும். இருவரும் ஒரே சர்வேயரை ஒத்துக்கொள்ளலாம், இல்லை ஆளுக்கொருவர். வழக்கமாக இரண்டு பேர் செலவும் கட்டுபவர் தலையில்தான்.

இதனால்தான் கடிதம் போவதற்கு முன் நேரில் போக வேண்டும் என்கிறேன். வரைபடத்தை எடுத்துக்கொண்டு போய் மேசையில் விரித்து, இது உங்கள் ஜன்னல், இது எங்கள் சுவர், இவ்வளவு உயரம் என்று காட்டுங்கள். சட்டக் கடிதத்தில் முதல்முறை இதைப் பார்க்கும் யாருக்கும் வயிறு எரியும். சம்மதித்தாலும் அவர்கள் பக்கச் சுவரில் இப்போதுள்ள விரிசல்களைத் தேதியோடு படம் எடுத்து இரண்டு பேரும் வைத்துக்கொள்ளுங்கள், அது அவர்களுக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது.

8. பில்டிங் ரெகுலேஷன்ஸ்

கவுன்சிலின் பில்டிங் கண்ட்ரோல் அல்லது பதிவுபெற்ற தனியார் அப்ரூவர், இரண்டில் ஒன்று. ஃபுல் பிளான்ஸ் என்ற வழியில் வரைபடத்தை முன்கூட்டியே சரிபார்த்துக் கொடுப்பார்கள். பில்டிங் நோட்டீஸ் வழியில் வரைபட ஒப்புதல் இல்லாமலே தொடங்கிவிடலாம், தவறு இருந்தால் கட்டிய பிறகு தெரியும். எக்ஸ்டென்ஷனுக்கு முதல் வழியையே எடுங்கள். பில்டர்களும் கையில் முழு வரைபடம் இருந்தால்தான் ஒழுங்காக விலை சொல்ல முடியும்.

அஸ்திவாரத்தில்தான் பணம் எதிர்பாராமல் போகும். லண்டன் களிமண் கோடையில் சுருங்கும், மழையில் ஊதும். அங்கே ஒரு மீட்டர் ஆழம் என்பது ஆரம்பம் மட்டுமே, பக்கத்தில் ஓக், வில்லோ, பாப்ளர் மரம் நின்றால் எஞ்சினியர் இரண்டு மீட்டருக்கு மேலும் போகச் சொல்லலாம். மரம் அடுத்தவர் தோட்டத்தில் நின்றாலும் அதன் வேருக்கு எல்லை தெரியாது.

கண்ணாடிக்கும் ஒரு வரம்பு உண்டு: புது ஜன்னல், கதவு, கூரை ஜன்னல் எல்லாம் சேர்ந்து எக்ஸ்டென்ஷன் தரைப்பரப்பில் 25 சதவீதம், கூடவே புதுக்கட்டு மூடிவிட்ட பழைய ஜன்னல் கதவுகளின் பரப்பு. இதற்கு மேல் போனால் இன்சுலேஷனைக் கூட்டியோ கணக்குப் போட்டுக் காட்டியோ ஈடுகட்ட வேண்டும். பின்சுவர் முழுக்கக் கண்ணாடி, மேலேயும் கண்ணாடி என்று கனவு காண்பவர்கள் இதை வரைபவரிடம் முதலிலேயே கேட்டுவிட வேண்டும்.

தோட்டத்தில் மேன்ஹோல் மூடி தெரிகிறதா? பல வீடுகளுக்குப் பொதுவான கழிவுக்குழாய்கள் 2011 அக்டோபர் 1 முதல் தண்ணீர் கம்பெனிகளின் சொத்து. அதன் மேலேயோ 3 மீட்டருக்குள்ளேயோ கட்டுவதற்கு அவர்களின் ஒப்பந்தம் வேண்டும். மூடியைத் திறந்து குழாய் எந்தத் திசையில் போகிறது என்று டிசைன் செய்யும்போதே பார்த்துவிட்டால், பாதி வேலையில் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டாம்.

9. பில்டரும் பணமும்

ஒரே வரைபடத்தை மூன்று பேரிடமாவது கொடுத்து விலை கேளுங்கள். ஒரே தொகையாகச் சொல்பவரிடம் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். கிச்சன் சாமான், டைல்ஸ், ஸ்கிப் (குப்பை அள்ளும் பெரிய தொட்டி), பெயின்ட், மண் அள்ளுவது உள்ளே இருக்கிறதா? வாட் வரி சேர்த்தா, சேர்க்காமலா? எக்ஸ்டென்ஷன் வேலைக்கு அது 20 சதவீதம், கடைசியில் தெரிந்தால் தாங்காது. அவர்கள் ஒரு வருடத்துக்கு முன் முடித்த வீடு ஒன்றைப் போய்ப் பாருங்கள். போன மாதம் முடித்தது எல்லாமே பளபளவென்றுதான் இருக்கும்.

எழுத்தில் ஒப்பந்தம், வேலை முடிந்த கட்டத்துக்குப் பணம். அஸ்திவாரம் பார்த்தாயிற்று, சுவர் எழும்பிற்று, கூரை போட்டு மழை நின்றது, உள்வேலை முடிந்தது, இப்படி. முன்பணமாகப் பெரிய தொகை கேட்பவரிடம் காரணம் கேளுங்கள். நம்ம ஆள் என்பதற்காக ஒப்பந்தம் இல்லாமல் கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை, நம்ம ஆளாக இருந்தால் எழுதித் தருவதில் அவருக்கு என்ன கஷ்டம்? வீட்டு இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் மோர்ட்கேஜ் கொடுத்தவருக்கும் தொடங்கும் முன் சொல்லிவிடுங்கள். சுவரைத் திறந்து வைத்திருக்கும்போது ஏதாவது நடந்தால் சொல்லாதது பெரிய விஷயமாகிவிடும்.

10. கட்டும்போதும் முடிந்த பிறகும்

இன்ஸ்பெக்டர் வர வேண்டிய கட்டங்கள்: தோண்டிய குழி, கான்கிரீட், ஈரம் ஏறாமல் தடுக்கும் பட்டை, வடிகால், ஸ்டீல், இன்சுலேஷன், கடைசிப் பார்வை. அவர் பார்க்கும் முன் மூடிவிட்டால் திறக்கச் சொல்வார். ஒவ்வொரு கட்டத்தையும் நீங்களும் போனில் படம் எடுங்கள், பக்கத்தில் டேப்பைப் பிடித்துக்கொண்டு. மூன்று வருடம் கழித்துச் சுவரில் ஆணி அடிக்கும்போது குழாய் எங்கே போகிறது என்று அந்தப் படம்தான் சொல்லும்.

கடைசியாகக் கம்ப்ளீஷன் சர்டிஃபிகேட், வேலை பில்டிங் ரெகுலேஷன்ஸ்படி முடிந்தது என்ற சான்று. நாங்கள் வாங்கிய வீட்டின் பின்னால் முந்தையவர் கட்டிய ஒரு சின்ன அறை இருந்தது, அதற்கு இந்தத் தாள் இல்லை. பிளானிங் சரியாகத்தான் இருந்தது, கடைசி இன்ஸ்பெக்ஷனுக்கு மட்டும் யாரும் கூப்பிடவில்லை. 1985 நவம்பர் 11க்குப் பிறகு செய்த வேலைக்குப் பின்னாளில் ரெகுலரைசேஷன் என்று கவுன்சிலிடம் விண்ணப்பிக்கலாம், நாங்களும் செய்தோம். இன்ஸ்பெக்டர் வந்து பீமைப் பார்க்க வேண்டும் என்றார், புதிதாகப் பெயின்ட் அடித்த சீலிங்கில் ஒரு சதுரம் வெட்டினோம். பீம் சரியாக இருந்தது. அந்தச் சதுரத்தை எத்தனை முறை பூசினாலும் சாயங்கால வெளிச்சத்தில் இன்னும் கோடு தெரிகிறது.

ஆகவே எங்கள் எக்ஸ்டென்ஷன் ஒப்பந்தத்தில் கடைசி 5 சதவீதத்தை அந்தச் சான்றிதழோடு கட்டிவைத்தோம். பில்டர் முதலில் முகத்தைச் சுளித்தார், அப்புறம் கடைசி இன்ஸ்பெக்ஷனுக்கு அவரே போன் போட்டு நாள் வாங்கினார்.